ஜிபி சர்ஜரியின் நோயாளர் குழு: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் நாம் பதிந்திருக்கும் ஜிபி சர்ஜரி, அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக், ஒவ்வொன்றிலும் அதே சர்ஜரியின் நோயாளிகள் சேர்ந்து இயங்கும் தன்னார்வக் குழு ஒன்று இருக்க வேண்டும். பேஷண்ட் பார்ட்டிசிபேஷன் குரூப், சுருக்கமாகப் பிபிஜி. லண்டன் புறநகர் ஒன்றில் அப்படியொரு குழுவில் நானும் இருக்கிறேன். எங்கள் காத்திருப்பு அறையில் எந்த நாளும் தமிழ்க் குரல் கேட்கும். குழுவின் மேசையில்தான் கேட்பதில்லை. கோயில் அன்னதான வரிசையிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பலர் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குழு என்னதான் செய்கிறது?

சர்ஜரி எப்படி நடக்கிறது என்பதை நோயாளியின் இடத்திலிருந்து பார்த்து, அதை நடத்துபவர்களிடம் எடுத்துச் சொல்வதுதான் முதல் வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். சர்ஜரியை நிர்வகிக்கும் பிராக்டிஸ் மேனேஜர் இருப்பார். முடிந்தால் டாக்டர் ஒருவரும் வந்து உட்காருவார்.

பேச்சு பெரும்பாலும் சின்ன விஷயங்களைப் பற்றித்தான் இருக்கும். ஒரு கூட்டத்தில் பாதி நேரம் தொலைபேசிப் பதிவு ஒன்றுக்கே போனது. அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காலை 8 மணிக்கு அழைத்தால், வரிசையில் நாம் எத்தனையாவது ஆள் என்று சொல்வதற்கு முன்னால் நீண்ட அறிவிப்பு ஓடும்: இணையதளத்தைப் பாருங்கள், ஊழியர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. ஆங்கிலம் அதிகம் புரியாத பெரியவர்கள் அதைக் கேட்டு, சர்ஜரி மூடியிருக்கிறது என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள். அறிவிப்பைச் சுருக்கி, வரிசை எண்ணை முதலில் சொல்லச் செய்தோம். பெரிய சாதனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலை எட்டு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

யார் ஆரம்பித்த ஏற்பாடு இது? அரசாங்கமா?

இல்லை, சில டாக்டர்கள்தான். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் பெரின்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் டாக்டர் பீட்டர் பிரிச்சர்ட் 1972இல் தொடங்கிய குழு முதன்முதல் தோன்றியவற்றில் ஒன்று. 1978இல் இப்படிப்பட்ட குழுக்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமும் உருவானது. அதன்பின் பல ஆண்டுகள், ஆர்வமுள்ள டாக்டர் இருக்கும் இடத்தில் குழு இருக்கும், இல்லாத இடத்தில் இருக்காது என்ற நிலைதான். 2015 ஏப்ரலில்தான் இங்கிலாந்தின் எல்லா ஜிபி சர்ஜரிகளுக்கும், பொது சுகாதார சேவையான என்ஹெச்எஸ்ஸோடு உள்ள ஒப்பந்தத்தின்படி, இது கடமை ஆனது. அந்த ஒப்பந்தம் இன்னொன்றையும் சொல்கிறது: அந்தச் சர்ஜரியில் பதிந்திருக்கும் மக்கள் எப்படிப்பட்டவர்களோ அவர்களைக் குழு பிரதிபலிக்கும்படி சர்ஜரி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். ஆகவே நாம் போய்ச் சேருவது அவர்களுக்கும் ஒரு உதவிதான்.

யாரெல்லாம் சேரலாம்? விசா, குடியுரிமை ஏதும் கேட்பார்களா?

அந்தச் சர்ஜரியில் பதிந்திருந்தால் போதும். நோயாளியைப் பராமரிப்பவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். விசாவை யாரும் கேட்பதில்லை.

பதிவுக்கும் அதே கதைதான். இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய பாஸ்போர்ட்டோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. இருந்தால் காட்டச் சொல்லலாம், இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. அகதி விண்ணப்பத்தில் இருப்பவர்கள், உறவினர் வீட்டில் ஒரு அறையில் தங்கியிருப்பவர்கள் இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் டாக்டரையே பார்க்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதே பெரிய உதவி.

என் ஆங்கிலம் சுமார்தான். அங்கே போய் என்ன பேசுவேன்?

சுமாரான ஆங்கிலம் உள்ள ஒருவர் சர்ஜரியில் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது சரளமாகப் பேசுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. வந்துவிட்டதை நாமே பதிவு செய்யும் திரையில் உங்கள் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லையா, அழைக்கும்போது பெயரைச் சிதைத்துச் சொல்வதால் உங்கள் முறை போய்விட்டதா, அதைச் சொல்லுங்கள். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. மேனேஜரிடம் முன்கூட்டியே சொன்னால், நண்பர் ஒருவரைக் கூட அழைத்துப் போகவும் பொதுவாக அனுமதிப்பார்கள்.

கூட்டம் போட்டுப் பேசுவது மட்டும்தானா?

அது குழுவைப் பொறுத்தது. சில குழுக்கள் பணம் திரட்டி, காத்திருப்பு அறைக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுக்கின்றன. சில குழுக்கள் தனியாக இருக்கும் முதியவர்களுக்காக டீ சந்திப்பு நடத்துகின்றன. 2018இல், பூங்காக்களில் வாராந்திர ஓட்டம் நடத்தும் பார்க்ரன் அமைப்பும் ஜிபிகளின் ராயல் கல்லூரியும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தின்படி, சர்ஜரிகள் பக்கத்துப் பார்க்ரனோடு இணைந்துகொள்ளலாம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு 5 கிலோமீட்டர், ஓட வேண்டும் என்றில்லை, நடக்கலாம், கட்டணம் கிடையாது. தனியாகப் போகக் கூச்சப்படும் நம் அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அக்டோபர் மாதச் சனிக்கிழமைகளில் நடக்கும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி முகாம். ஒரே காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். ஊசி போடுவது நர்ஸ். வாசலில் நின்று வழி காட்டுவது, நாற்காலி கொடுப்பது, ஊன்றுகோலோடு வருபவரை முன்னால் விடுவது எல்லாம் நாங்கள். கம்பளிச் சட்டை, அதற்கு மேல் கோட், அதற்கு மேல் சால்வை என்று வரும் பெரியவர்களிடம், வரிசையிலேயே "ஒரு கையை வெளியே எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று தமிழில் சொன்னால், உள்ளே நர்ஸ் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 65 வயது ஆனவர்களுக்கு இந்த ஊசி இலவசம். குடும்பத்தில் முதியவரையோ உடல் இயலாதவரையோ முக்கியமாகப் பராமரிப்பவர்களுக்கும் இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நம் ஆட்களுக்கு இதனால் தனியாக என்ன பயன்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சுகர். தெற்காசியர்களுக்கு டைப் 2 நீரிழிவு வரும் அபாயம் அதிகம், அதுவும் இளவயதிலேயே. வெள்ளையர்களுக்கு 40 வயதுக்கு மேல் என்று எச்சரிக்கும் என்ஹெச்எஸ், நமக்கு 25 வயதிலிருந்தே எச்சரிக்கிறது. எடையிலும் நமக்கு வேறு அளவுகோல். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ எண் 25க்கு மேல் போனால் அதிக எடை என்பது பொதுக் கணக்கு, நமக்கு 23லேயே அது தொடங்கிவிடும். காத்திருப்பு அறைச் சுவரில் உள்ள போஸ்டரோ பொதுக் கணக்கைத்தான் காட்டும். அதைப் பார்த்து "நான் நார்மல்தான்" என்று நிம்மதியாகப் போகிறவர்களில் பாதிப்பேராவது நம்மவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். அந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு போஸ்டரை ஒட்டச் சொல்வது குழுவால் ஒரே கூட்டத்தில் செய்யக்கூடிய காரியம்.

இரண்டாவது, விரதம். ரமலான் நோன்பு வருவதற்கு முன்னால் சர்ஜரிகள் சுகர் நோயாளிகளுக்குத் தகவல் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஏற்பாடு. கந்தசஷ்டி என்று ஒன்று இருப்பதோ, தீபாவளி அமாவாசைக்குப் பின் ஆறு நாள் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்து இருப்பவர்கள் தங்கள் நோயாளிகளில் உண்டு என்பதோ அவர்களுக்குத் தெரியாது. நாம் சொன்னால்தானே தெரியும். இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் அப்படிப் பட்டினி இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். "விரதம் இருக்காதே" என்று யாரும் சொல்ல வேண்டாம், சொன்னாலும் நம் அம்மாக்கள் கேட்கப்போவதில்லை. சஷ்டிக்கு இரண்டு வாரம் முன்னதாக நர்ஸிடமோ சர்ஜரி ஃபார்மசிஸ்ட்டிடமோ பேசிவிட்டு இருங்கள் என்றால் கேட்பார்கள். ஐப்பசியில் வரும் சஷ்டியும் காய்ச்சல் ஊசியும் ஏறக்குறைய ஒரே காலம்தான். ஊசிக்கு வரும் அன்றே இதையும் பேசிவிடலாமே என்று எங்கள் குழுவில் கேட்டேன். மேனேஜர் உடனே குறித்துக்கொண்டார்.

மூன்றாவது, தபாலில் வரும் அந்தப் பெட்டி. 50 முதல் 74 வயது வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான கிட் வீட்டுக்கு வரும். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி, அதன் மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. குச்சியின் நுனியில் மலத்தைச் சிறிதளவு தொட்டு, குப்பிக்குள் வைத்து மூடி, அவர்களே தந்த உறையில் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் வீடுகளில் இது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அலமாரியின் மேல் தட்டு. "சீ, இதைப் போய் தபால்ல அனுப்புறதா, போஸ்ட்மேன் என்ன நினைப்பான்" என்று ஒரு ஐயா என்னிடமே கேட்டார். உறை மூடியிருக்கும், போஸ்ட்மேனுக்கு அது இன்னொரு கடிதம்தான் என்று விளக்கினேன். கிட் பழையதாகிவிட்டாலும் தொலைந்துவிட்டாலும், இலவச எண்ணில் அழைத்து வேறொன்று வாங்கலாம். இந்த விளக்கம் கையேட்டிலும் ஆங்கிலத்தில் இருக்கிறதுதான். ஆனால் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வெற்றுக் குப்பியைக் கையில் வைத்து, தமிழில் ஒருவர் காட்டும்போது அலமாரியிலிருந்து பெட்டி இறங்குகிறது.

நாலாவது, மொழிபெயர்ப்பு. இங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்பது நம் உரிமை, கட்டணம் இல்லை. பெரும்பாலும் தொலைபேசி வழியாக வருவார். அப்பாயின்ட்மென்ட் பதியும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரமும் கேட்க வேண்டும். குடும்பத்தாரை, அதிலும் பிள்ளைகளை, மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பதுதான் என்ஹெச்எஸ் சொல்லும் வழிமுறை. காரணம் எளிது. மாதவிலக்கு நின்றபின்னும் ரத்தம் போகிறது என்பதை எந்தத் தாய் தன் மகனை வைத்துக்கொண்டு சொல்வார்? "வயித்துக் குத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாரசிட்டமோலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்புறம், பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் காய்ச்சல் தடுப்பு ஸ்ப்ரே. அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. சைவக் குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டதும் படிவத்தில் "வேண்டாம்" என்று போட்டுவிடுகிறார்கள். ஜெலட்டின் இல்லாத ஊசி மாற்றாகக் கிடைக்கும், கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிசெப்ஷனில் இருக்கும் பெண் ஏன் என் வியாதியைக் கேட்கிறாள்? குழு அதை நிறுத்துமா?

நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது என்பேன். உங்களை யாரிடம் அனுப்புவது என்று தீர்மானிக்கத்தான் அவர் கேட்கிறார். இப்போது சர்ஜரிகளில் டாக்டர் தவிர நர்ஸ், ஃபார்மசிஸ்ட், பிசியோ எல்லாம் இருக்கிறார்கள். 2024 ஜனவரி இறுதியிலிருந்து, தொண்டைவலி, காதுவலி, சைனஸ், பூச்சிக்கடித் தொற்று, அக்கி, பெண்களின் சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு உபாதைகளுக்கு மருந்துக்கடையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தருகிறார்கள். வயது வரம்பு சிலவற்றுக்கு உண்டு.

ஆனால் கேட்கும் விதம் வேறு விஷயம். பின்னால் பத்துப் பேர் நிற்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தால் அதை மாற்றச் சொல்லலாம். "தனியாகச் சொல்ல விரும்புகிறேன்" என்று கேட்க வழி இருக்கிறது என்ற சின்ன அறிவிப்பை மேசையில் வைக்கச் சொல்வது குழுவின் வேலை.

குழுவில் இருந்தால் எனக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குமா?

கிடைக்காது.

டாக்டர் மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கூட்டத்தில் சொல்லலாமா?

உங்கள் சொந்த வழக்கை அங்கே பேச முடியாது. அதற்கு வேறு வழி உண்டு. முதலில் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். சர்ஜரியிடம் சொல்ல விருப்பம் இல்லையென்றால், உங்கள் பகுதியின் ஐசிபியிடம், அதாவது சுகாதார சேவைகளை அங்கே நிர்வகிக்கும் வாரியத்திடம், கொடுக்கலாம். பதில் திருப்தி தரவில்லை என்றால் ஓம்பட்ஸ்மனிடம், அதாவது இப்படிப்பட்ட புகார்களைச் சுதந்திரமாக விசாரிக்கும் அமைப்பிடம், போகலாம். பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

அதே குறை பத்துப் பேருக்கு இருந்தால், அப்போது அது குழுவுக்கு உரியது. "என் ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் சொல்லவில்லை" என்பது புகார். "முடிவு வந்ததை நோயாளிகளுக்குத் தெரிவிக்கும் முறை சரியில்லை" என்பது கூட்டத்துக்கான பேச்சு.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் குழுவில் இருக்கிறார். என் வியாதி அவருக்குத் தெரிந்துவிடுமா?

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில்தான் கேட்பார்கள். நியாயமான பயம், ஏனென்றால் நம் ஊர்க்கதை வாட்ஸ்அப்பில் கனடா வரை போய்த் திரும்பும். ஆனால் குழுவில் இருப்பவர்களுக்கு நோயாளிகளின் பதிவேட்டைப் பார்க்க எந்த வழியும் இல்லை. கணினி பக்கமே விடமாட்டார்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். முகாமில் நிற்கும்போது யார் வந்தார் என்பது கண்ணில் படும், அது உண்மைதான். அதை வெளியே பேசும் ஒருவரைக் குழுவில் வைத்திருக்கக் கூடாது. அப்படி நடந்தால் மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நான் ஊரில் நர்ஸாக இருந்தவள். ஆட்களுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லலாமா?

தன்னார்வலராக நிற்கும்போது கூடாது. மாத்திரையைக் கூட்டு, குறை என்பது ஒருபக்கம் இருக்கட்டும், "இது ஒன்றுமில்லை, சுக்குக் காப்பி குடியுங்கள்" என்பதே ஆலோசனைதான். நெஞ்சுவலி என்று யாராவது உங்களிடம் சொன்னால் 999. அவசரம் இல்லை, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றால் 111. எங்கே போக வேண்டும் என்று காட்டுவதோடு நம் பங்கு முடிகிறது.

சர்ஜரிக்காரர்கள் நிஜமாகவே கேட்கிறார்களா, கணக்குக்குத்தானா?

இரண்டும் உண்டு. இணையதளத்தில் குழு இருப்பதாகப் போட்டிருக்கும், கடைசிக் கூட்டக் குறிப்பு பல ஆண்டுப் பழையதாக இருக்கும். அப்படிப்பட்ட சர்ஜரிகளை நான் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் பதினைந்து வருடமாக அதே நாலு பேர், அதே பார்க்கிங் பிரச்சினை.

உங்களுக்குப் பலம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. சர்ஜரிகளைச் சோதிக்கும் சிக்யூசி ஆய்வாளர்கள் நோயாளர் குழுவினரிடமும் பேசுவது வழக்கம். அது மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். இதை மிரட்டலாகப் பயன்படுத்தத் தேவையில்லை. கூட்டத்தில் பேசியதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் "போனமுறை சொன்னது என்னவாயிற்று" என்று தொடங்குங்கள். கோபப்பட்டுக் கத்துபவரைவிட, குறிப்பைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அங்கே மதிப்பு.

எல்லாவற்றையும் குழுவால் மாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பற்றாக்குறை நாட்டுப் பிரச்சினை. அதை ஆறு பேர் மாலை நேரக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்த்துவிட முடியாது.

இரண்டு வேலை பார்க்கிறேன். கூட்டத்துக்கு எங்கே போவது?

பல சர்ஜரிகளில் மின்னஞ்சல் வழியாக மட்டும் இயங்கும் இணையக் குழுவும் உண்டு. எப்போதாவது ஒரு கேள்வித்தாள் வரும், பேருந்தில் உட்கார்ந்தே நிரப்பி அனுப்பலாம். பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை பார்க்கும் நம் பையன்களின் குரல் சர்ஜரிகளுக்கு எட்டுவதே இல்லை. காலையில் தூங்குகிற ஆள் எட்டு மணிக்கு எப்படிப் போன் செய்வார்? 2025 அக்டோபரிலிருந்து, அவசரமில்லாத தேவைகளுக்கான இணையப் படிவத்தை வேலைநாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. உங்கள் சர்ஜரியில் அது மதியமே மூடிவிடுகிறதா என்று பார்த்துச் சொன்னாலே போதும், பங்களிப்புத்தான்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு?

கட்டாயம் என்ற ஒப்பந்த விதி இங்கிலாந்துக்கு மட்டும். அங்கும் குழு வைத்திருக்கும் சர்ஜரிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சரி, எப்படிச் சேர்வது?

சர்ஜரியின் இணையதளத்தில் பிபிஜி என்ற பக்கத்தைத் தேடுங்கள், படிவம் இருக்கும். இல்லையென்றால் ரிசெப்ஷனில் "பிபிஜியில் சேர வேண்டும், யாரிடம் பேசுவது?" என்று கேளுங்கள். சில சமயம் ரிசெப்ஷனில் இருப்பவருக்கே தெரியாது, விழிப்பார். அப்போது பிராக்டிஸ் மேனேஜரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். குழுவே இல்லை என்று பதில் வந்தால், "அப்படியானால் எப்போது தொடங்குகிறீர்கள்?" என்று அடுத்த வரியை எழுதுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தோடு போங்கள். அதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பிஸ்கட் அவர்களே வைப்பார்கள், முறுக்கு கொண்டுபோனால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.